கன்ரனீஸ் மொழியில் கனடாச் செய்தி

1979 செப்டெம்பர் 30ஆம் திகதி சி.ரி.வி. தொலைக்காட்சி தன்னுடைய ‘டபிள்யூ 5’ தொடரில் ஒரு நிகழ்ச்சியைக் காட்டியது. வெளிநாட்டு மாணவர் வந்து கனடியப் பிள்ளைகளின் பல்கலைக்கழக இடங்களைப் பறிக்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. மருந்தியல் படிக்க இடம் கிடைக்காத வெள்ளைக்கார மாணவி ஒருத்தி அதில் முறையிட்டாள். கூடவே ரொறன்ரோ பல்கலைக்கழக வகுப்பறை ஒன்றில் இருந்த சீன முகங்களைக் காட்டினார்கள். பார்ப்பவர் என்ன நினைக்கவேண்டும் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் இருந்த சீனப் பிள்ளைகள் கனடியர்.

சீனச் சமூகம் கொதித்தது. பல நகரங்களில் ஊர்வலம் போனார்கள், வழக்குப் போடுவோம் என்றார்கள். 1980இல் சி.ரி.வி. மன்னிப்புக் கேட்டது. அந்தப் போராட்டத்திலிருந்துதான் சீனக் கனடியர் தேசிய பேரவை பிறந்தது. இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், என்னோடு ஒரே வாகனத்தில் வேலைக்கு வந்த ஹொங்கொங்காரர். கம்பத்தில் ஏணியைச் சாத்திவிட்டு, கையுறையைக் கழற்றாமலே சொன்னார். “அண்டைக்கு ரிவியில எங்களைப் பாத்தம். பேசினது வேற ஆக்கள்,” என்பதுபோல இருந்தது அவர் சொன்னதன் சாரம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் அரைகுறைதான். ஆனாலும் விளங்கியது.

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கேபிள் இணைப்புக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தவன் நான். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம்தான் எனக்கு வேலை விழும். சீனக் குடும்பங்கள் கீழ்நகரச் சைனாரவுனை விட்டு வடக்கே வந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே சீனத் தொலைக்காட்சியின் வரலாற்றை நான் நூலகத்தில் படிக்கத் தொடங்கியது பிந்தித்தான். முதலில் அதை வரவேற்பறைகளில் பார்த்தேன்.

கனடாவில் சீனருடைய வாசிப்புப் பழக்கம் தொலைக்காட்சியைவிட மிகப் பழையது. வன்கூவரில் சீன ஃப்ரீமேசன் சங்கத்தாரின் ‘சைனீஸ் ரைம்ஸ்’ நாளேடு 1914 முதல் வந்தது. ரொறன்ரோவில் ‘ஷிங் வா’ 1922இல் தொடங்கியது. ரயில்பாதை போட வந்து, பிறகு சலவைக்கடையிலும் உணவகத்திலும் உழைத்த ஆண்களுக்காக அச்சிடப்பட்ட தாள்கள் அவை. மனைவி மக்களைக் கூப்பிட வழி இல்லாத ஆண்கள். 1885இல் சீனர்மீது மட்டும் போடப்பட்ட 50 டொலர் தலைவரி, 1900இல் 100 ஆகி, 1903இல் 500 டொலராகியது. அதுவும் போதாதென்று 1923 ஜூலை 1ஆம் திகதி சீனக் குடிவரவை அடியோடு மூடும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு தன் பிறந்தநாளைக் கொண்டாடிய அந்தத் திகதியைச் சீனர் அவமான நாள் என்று அனுசரித்தார்கள். சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எடுக்கும் புள்ளி முறை 1967இல்தான் வந்தது. அதற்குப் பிறகே குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறங்கினார்கள். பெரும்பாலும் ஹொங்கொங்கிலிருந்து.

அப்படி வந்தவர்கள் வேறு வகையான சீனர். முன்பு வந்தவர்கள் தைசான் கிராமங்களின் பேச்சைப் பேசியவர்கள். பின்பு வந்தவர்கள் ஹொங்கொங்கின் கன்ரனீஸ் பேசினார்கள். 1967இல் தொடங்கிய ரிவிபி நிறுவனத்தின் தொடர் நாடகங்களோடு இரவுச் சாப்பாட்டை முடித்துப் பழகியவர்கள் அவர்கள். கனடாவில் அந்த நாடகங்கள் வீடியோக் கொப்பியாக வாடகைக்குக் கிடைத்தன. ஒரு தொடர் முழுவதையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். வெள்ளிக்கிழமை இரவில் தமிழ்ப் படக் கொப்பிக்காகப் பார்லிமென்ற் வீதிக் கடையில் வரிசையில் நின்ற எங்களுக்கு அந்தப் பை நன்றாகத் தெரியும்.

மற்ற மொழிக்காரரும் சும்மா இருக்கவில்லை. 1979 செப்டெம்பரிலேயே டான் இயனூட்சி என்ற இத்தாலியக் கனடியப் பத்திரிகையாளர் ரொறன்ரோவில் அலைவரிசை 47ஐத் தொடங்கிப் பல மொழிகளுக்கும் நேரம் பிரித்துக் கொடுத்தார். ஆனால் வாரத்தில் சில மணி நேரம் என்பது ஓர் இரவல் திண்ணை மாதிரி. உட்காரலாம், படுக்கமுடியாது. வன்கூவரில் எண்பதுகளில் கதே இன்ரர்நேஷனல் தொலைக்காட்சி அந்த நகரத்துச் சீனருக்கு நேரம் ஒதுக்கியது. நாடு முழுவதற்குமான முதல் சீன அலைவரிசைக்கு ஒலிபரப்பு ஆணையமான சி.ஆர்.ரி.சி. உரிமம் கொடுத்தது 1984இல். பெயர் சைனாவிஷன் கனடா. தொடங்கியவர் ஃபிரான்சிஸ் சுங். இத்தாலியருக்கும் ஸ்பானிய மொழிக்காரருக்குமான ரெலலற்றீனோவும் அதே ஆண்டில் வந்ததுதான்.

1984 எப்படிப்பட்ட ஆண்டு என்பதை ஸ்காபரோக்காரர் மறக்கக்கூடாது. அந்த ஆண்டில்தான் அஜின்கோட்டில், கிளென் வொட்ஃபோர்ட் வீதியில், சில்லுச் சப்பாத்துப் போட்டுச் சறுக்கும் மண்டபமாக இருந்த கட்டடத்தில் டிராகன் சென்ரர் என்ற சீனக் கடைத்தொகுதி திறந்தது. கூட்டம் அலைமோதியது, கார் நிறுத்த இடம் போதவில்லை. அயலவர் நூற்றுக்கணக்கில் ஒரு பொதுக்கூட்டத்தில் கூடினார்கள். கார் நெருக்கடி பற்றித் தொடங்கிய பேச்சு, இங்கே சீனர் கூடிவிட்டார்கள் என்பதில் வந்து நின்றது. சைனாவிஷன் பிறந்தபோது அதைப் பார்க்கவேண்டியவர்களின் அயல் இப்படி இருந்தது. அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதை, ஆங்கிலம் தெரியாத ஒரு சீனத் தாய்க்கு யார் சொல்லுவது? நகரசபை என்றால் என்ன, அங்கே போய் யாரிடம் பேசவேண்டும் என்பதை யார் சொல்லுவது?

சைனாவிஷன் கட்டண அலைவரிசை. வேண்டியவர் மாதக் கட்டணம் கட்டவேண்டும். கட்டாத வீட்டில் படம் குலைந்து, சாய்ந்த கோடுகளாக ஓடும். எங்கள் வேலை, அதை நேராக்கும் பெட்டியைப் பொருத்துவது. ஃபிஞ்ச் வீதிக்கு வடக்கே ஒரு வீடு நினைவில் நிற்கிறது. கதவைத் திறந்த மருமகள் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். உள்ளே மூலையில் சிவப்பு மின்குமிழ் எரியும் சிறு பூசைத்தட்டு, தட்டில் மூன்று தோடம்பழம். கிழவர் ஒருவர் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். திரையில் குலைந்த கோடுகள். ஆனால் அந்த முறையில் படத்தைத்தான் குலைப்பார்கள், குரல் தெளிவாக வரும். அவர் பல மாதமாக நாடகத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! நான் சுவருக்குள் வந்த வயரின் நுனியை வெட்டி, செம்பு நரம்பை ஒரு விரல்நகம் அளவு வெளியே விட்டு, புது மூடி போட்டு முறுக்கி, மீற்றரில் அளவு பார்த்தேன். அளவு குறைவு. நிலவறையில் வயர் பிரியும் இடத்தில் பழைய துண்டு துருப்பிடித்திருந்தது. அதையும் மாற்றிப் பெட்டியைக் கொளுவியபோது கோடுகள் நிமிர்ந்து ஒரு பெண்ணின் முகம் வந்தது. கிழவர் கண்ணைத் திறந்தார். நாடகக்காரி என்று நான் நினைத்தேன், செய்தி வாசிப்பவள். பின்னால் குயீன்ஸ் பார்க்கில் உள்ள மாகாணச் சட்டமன்றக் கட்டடத்தின் படம். கிழவர் என்னவோ கேட்க, மருமகள் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: “வீட்டு வாடகைச் சட்டம் பற்றிச் சொல்லுறா. மாமாவுக்கு அது வேணும்.”

அன்றிலிருந்து நான் கவனித்துக்கொண்டு வந்தேன். நாடகத்துக்காகப் பெட்டி வாங்கியவர்கள், செய்தி நேரத்தில் என்னைப் பேசவிடமாட்டார்கள்.

ஆனால் சைனாவிஷன் காசில் திணறியது. நாடகத்தை வாங்கவேண்டும், செயற்கைக்கோளுக்குக் கட்டவேண்டும், இங்கே நிருபருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். சந்தாக்காரரோ சொற்பம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிறுவனம் கடன்காரரின் பொறுப்புக்குள் போனது. 1992இல் வன்கூவர் ‘சைனீஸ் ரைம்ஸ்’ நாளேடும் நின்றுபோனது. மறு ஆண்டு, 1993இல், ஃபெயர்சைல்ட் குழுமம் சைனாவிஷனை வாங்கி ஃபெயர்சைல்ட் தொலைக்காட்சி என்று பெயர் மாற்றியது. வன்கூவரின் கதேயையும் வாங்கி, ரலன்ட்விஷன் என்று மண்டரின் மொழிப் பக்கம் திருப்பிவிட்டது. ரிவிபிக்கும் ஃபெயர்சைல்டில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. நாடகம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது.

ஃபெயர்சைல்டின் சொந்தக்காரர் தோமஸ் ஃபங், ஹொங்கொங்கின் பெரும்பணக்காரரில் ஒருவரான ஃபங் கிங் ஹேயின் மகன். 1967இல் பள்ளிப் பையனாக வன்கூவருக்கு வந்தவர். பேக்கரியும் நடத்தினார். ரிச்மண்டில் அவர் கட்டிய அபர்டீன் சென்ரருக்கு ஹொங்கொங்கின் ஒரு துறைமுகப் பகுதியின் பெயர். தொலைக்காட்சியின் வன்கூவர் நிலையமும் அங்கேதான். ஒன்ராறியோவில் ரிச்மண்ட் ஹில்லில் இன்னொன்று. கடை, வானொலி, தொலைக்காட்சி எல்லாம் ஒரே கையில் இருந்ததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். விளம்பரம் கொடுக்க ஒரு சந்தை இல்லாமல் சிறுபான்மை மொழித் தொலைக்காட்சி மூச்சுவிடாது.

காலமும் கைகொடுத்தது. 1984 டிசெம்பரில் பிரித்தானியாவும் சீனாவும் ஹொங்கொங்கைக் கையளிப்பது பற்றி ஒப்பந்தம் செய்தன. 1989இல் தியனன்மென் படுகொலை நடந்தது. 1997இல் ஹொங்கொங் கைமாறப்போகிறது என்ற பயத்தில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1994இல் மட்டும் ஹொங்கொங்கிலிருந்து கனடாவுக்கு 40 ஆயிரத்துக்கு மேல் வந்து இறங்கினார்கள். தகப்பன் அங்கே உழைக்க, தாயும் பிள்ளைகளும் இங்கே தனியே இருந்த வீடுகள் ஏராளம். ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே பெரிய வீடு, இரட்டைக் கராஜ், ஆனால் வயரைப் பிடித்து உதவ ஒரு ஆம்பிளை இருக்கமாட்டார். அந்தத் தாய்மாருக்கு எந்தப் பள்ளிக்கூடம், எந்த வைத்தியர், பனியை அள்ளாவிட்டால் என்ன தண்டம் என்பதெல்லாம் கன்ரனீஸ் மொழியில் சொன்னது அந்தப் பெட்டிதான்.

1997 ஜூன் 30ஆம் திகதி, திங்கட்கிழமை மத்தியானம், மார்க்கத்தில் ஒரு வீட்டில் வேலை. ஹொங்கொங்கில் நடுச்சாமம் ஆகும்போது இங்கே பகல் பன்னிரண்டு மணி. பிரித்தானியக் கொடி இறங்குவதை அந்த வீட்டார் நின்றுகொண்டு பார்த்தார்கள். ஒருவரும் அழவில்லை, ஒருவரும் கைதட்டவில்லை. வீட்டுக்காரி எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, மறுநாள் கனடா தினத்துக்கு நகரசபைத் திடலில் வாணவேடிக்கை எத்தனை மணிக்கு என்று மகனிடம் விசாரித்தாள். 1923 ஜூலை முதலாம் திகதியைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்த வீட்டை அடிக்கடி நினைத்திருக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். உள்ளூர்ச் செய்தியை அந்தத் தொலைக்காட்சி வெறும் நல்லெண்ணத்தால் மட்டும் செய்யவில்லை. உரிமம் கொடுக்கும்போதே சி.ஆர்.ரி.சி. ஒரு நிபந்தனை வைக்கும்: ஒளிபரப்பில் குறித்த பங்கு கனடாவில் தயாரித்ததாக இருக்கவேண்டும். ஹொங்கொங் நாடகத்தை வாங்கிப் போடுவது மலிவு. இங்கே கமராவைத் தூக்கிக்கொண்டு கல்விச்சபைக் கூட்டத்துக்குப் போவது செலவு. நிபந்தனை இல்லாவிட்டால் எந்த முதலாளியும் முதலாவதைத்தான் செய்வார். இந்த விதியைக் கெடுபிடி என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அதனால் விளைந்ததை வீடு வீடாகக் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த விதிதான் அந்தத் தொலைக்காட்சியை ஹொங்கொங்கின் கிளைக்கடையாகிவிடாமல் காப்பாற்றியது.

அழகிப் போட்டி, பாட்டுப் போட்டி எல்லாம் அந்தப் பங்கில்தான் சேரும். அவற்றைச் சிலர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த லிண்டா சுங் 2003இல் மிஸ் சைனீஸ் வன்கூவராகத் தெரிவாகி, அடுத்த ஆண்டு ரிவிபியின் உலகச் சீன அழகிப் பட்டத்தையும் வென்று, ஹொங்கொங் நாடகங்களின் கதாநாயகியானார். நாடகம் ஒரு பக்கமிருந்தே வந்துகொண்டிருந்த பாதையில் இங்கிருந்து ஓர் ஆள் போனார். அந்தப் பெருமையை அஜின்கோட்டுச் சிற்றுண்டிக் கடைகளில் கேட்டிருக்கிறேன்.

2003இன் வசந்தம் வேறு விதமானது. சார்ஸ் நோய் ஹொங்கொங்கிலிருந்து ஒரு பயணியோடு வந்து, ஸ்காபரோ கிரேஸ் மருத்துவமனையில் பரவியது. ரொறன்ரோப் பகுதியில் 44 பேர் இறந்தார்கள். சீன உணவகங்கள் வெறிச்சோடின. பேருந்தில் சீனருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே போகும். பிரதமர் கிரெச்சியன் சைனாரவுனுக்குப் போய்ச் சாப்பிட்டுக் காட்டவேண்டி வந்தது. நான் போன வீடுகளில் கன்ரனீஸ் செய்தி காலையிலிருந்து இரவுவரை ஓடியது. யார் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கவேண்டும், காய்ச்சல் வந்தால் முதலில் யாருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும் என்பதைத் திரையின் அடியில் ஓடவிட்டார்கள். அதே வாரங்களில் எங்கள் ஆட்கள் சிலருக்கு அந்த விவரத்தை நான்தான் போய்த் தமிழில் சொன்னேன்.

2006 ஜூன் 22ஆம் திகதி பிரதமர் ஹார்பர் தலைவரிக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உயிரோடு இருந்த வரி கட்டியோருக்கும், இறந்தவர்களின் மனைவிமாருக்கும் 20 ஆயிரம் டொலர் கிடைத்தது. மன்னிப்பில் ஒரு வரியைக் கன்ரனீஸ் மொழியில் சொன்னார். 1979இல் சீன முகங்களை வெளியாரென்று காட்டிய நாட்டில், சொந்தத் தொலைக்காட்சியும் சொந்தப் பேரவையும் இருபது ஆண்டுக்கு மேல் ஓயாமல் பேசியதன் பலனில் அதுவும் ஒன்று என்றே நான் எண்ணுகிறேன்.

அதே 2006இன் இறுதியில், சீன அரசின் அலைவரிசைகளைக் கொண்ட ‘பெருஞ்சுவர்’ தொகுப்புக்கும் இங்கே அனுமதி கிடைத்தது. குடிவரவும் திசைமாறிவிட்டது. 2016 கணக்கெடுப்பில் மண்டரின் தாய்மொழிக்காரர் சுமார் 5 இலட்சத்து 92 ஆயிரம், கன்ரனீஸ்காரர் சுமார் 5 இலட்சத்து 65 ஆயிரம். இளைய ஆட்கள் இணையத்தில் நேரடியாகப் பார்க்கிறார்கள். ‘சிங் ராவ்’ நாளேட்டின் கனடாப் பதிப்பு 2022இல் அச்சை நிறுத்தியது. கேபிள் பெட்டியையே பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போகும் வீடுகள்தான் என் கடைசி வேலை ஆண்டுகளில் அதிகம்.

செய்தி எவ்வளவு எளிதாகச் சாகும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. அந்த அலைவரிசை 47 பிற்காலத்தில் றொஜர்ஸ் நிறுவனத்தின் ஒம்னி ஆகியிருந்தது. 2015 மே மாதம் ஒம்னி தன் கன்ரனீஸ், மண்டரின், பஞ்சாபி, இத்தாலியச் செய்திகளை வருமானம் போதாதென்று நிறுத்திவிட்டது. சமூகங்கள் சத்தம் போட்டன. 2017இல் சி.ஆர்.ரி.சி., நாடு முழுவதும் கேபிள் வாடிக்கையாளர் எல்லோரிடமிருந்தும் ஒம்னிக்குப் பங்கு போக ஏற்பாடு செய்து, பதிலுக்கு அந்த நான்கு மொழியிலும் தேசியச் செய்தி வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அப்போது சீனச் செய்தியைத் தயாரித்துக் கொடுக்க ஒம்னி யாரிடம் போனது தெரியுமா? ஃபெயர்சைல்டிடம். நிருபர்களும் அனுபவமும் அங்கேதான் இருந்தன.

அந்த நான்கில் தமிழ் இல்லை.

2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோது, அவர்கள் இறங்குமுன்பே ஆங்கிலத் தொலைக்காட்சியில் பயங்கரவாதம் என்ற பேச்சு வந்துவிட்டது. எங்களுடைய ‘டபிள்யூ 5’ இரவு அதுதான். அந்தக் கிழமை எங்கள் மொழியில், எங்கள் நிருபர் கேட்டு, எங்கள் ஆள் விளக்கிய செய்தி எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது? சென்னைத் தொடரும் பாட்டுப் போட்டியும் தவறாமல் வந்தன. அவற்றையும் பார்க்கவேண்டும்தான், நானும் பார்க்கிறேன். “தம்பி, இந்தப் பெட்டியில எங்கட படம் ஒண்டும் வராதோ?” என்று சென் ஜேம்ஸ் ரவுன் மாடிகளில் என்னைக் கேட்ட ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் இன்று படம் வேண்டிய மட்டும் வருகிறது. மார்க்கம் வீதியில் எந்தச் சந்தியில் வெளிச்சம் போடப்போகிறார்கள், கல்விச்சபையில் தமிழ் வகுப்புக்கு என்ன நடந்தது என்பது வருவதில்லை.

தமிழ்த் தொலைக்காட்சிக்குச் சந்தா கட்டுபவர்கள் ஒரு கடிதம் எழுதுங்கள். கிழமையில் ஒரு நாளாவது நகரசபைக்கும் கல்விச்சபைக்கும் நிருபரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக மாதம் ஒரு டொலர் கூடக் கேட்டால் கொடுங்கள். உரிமம் புதுப்பிக்கும்போது சி.ஆர்.ரி.சி. பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். எவரும் எழுதலாம். சீனர் எழுதினார்கள், இத்தாலியர் எழுதினார்கள், பஞ்சாபியர் எழுதினார்கள். அடுத்த முறை அந்தக் கோப்பில் தமிழரின் கடிதங்களும் இருக்கவேண்டும்.